ரைல்ஸ், ஃபோலிஸ், பாய்ல்ஸ், சிம்ஸ்: வார்டில் அன்றாடம் சொல்லும் பெயர்களுக்கு உரியவர்கள் யார்?

செவிலியர் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செவிலியர் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். தட்டில் இருக்கும் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிப் பெயர் சொல்லும் வகுப்பில், ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியே இரைப்பைக்குள் செலுத்தும் குழாய்), ஃபோலிஸ் கத்தீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) ஆகியவற்றின் முதற்சொல்லைக் கம்பெனிப் பெயர் என்றே பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவை மனிதர்களின் பெயர்கள் என்றும், அந்த மனிதர்கள் நோயாளியின் படுக்கையருகே நின்று ஏதோ ஒரு சிக்கலைத் தீர்க்க முயன்றவர்கள் என்றும் சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காருகிறது. எனவே அடுத்த பருவத்திலிருந்து ஒவ்வொரு கருவியின் வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பயன்பாட்டுக்குள் செல்லலாம் என்று எண்ணுகிறேன். அதற்கு உங்கள் உதவி தேவை.

எனக்கு நன்கு தெரிந்த ஒன்றை முதலில் எழுதுகிறேன். ஜான் ஆல்ஃபிரட் ரைல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர். 1921இல் அவர் அந்தக் குழாயை அமைத்தது நோயாளிக்கு உணவு கொடுப்பதற்காக அன்று. இரைப்பை எவ்வளவு அமிலம் சுரக்கிறது என்பதை அளப்பதற்காகத்தான். நோயாளிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுக் குறித்த இடைவெளிகளில் இரைப்பை நீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சி எடுத்துச் சோதிப்பார்கள். அவ்வளவு நேரமும் குழாய் உள்ளேயே இருக்க வேண்டும் என்பதால், நோயாளி தாங்கிக்கொள்ளும்படி மெலிதாகவும், விழுங்கினால் தானாகக் கீழிறங்கும்படி நுனியில் கனம் வைத்தும் அவர் அதைச் செய்தார். இன்றைய பிளாஸ்டிக் குழாயின் மூடிய நுனியிலும் அந்தச் சிறு உலோக மணிகளை விரலால் தடவிப் பார்த்து உணரலாம். பிற்காலத்தில் ரைல், நோய்க்கும் வறுமைக்கும் உள்ள தொடர்பின்பால் கவனத்தைத் திருப்பி, 1943இல் ஆக்ஸ்ஃபோர்டில் சமூக மருத்துவத்தின் முதல் பேராசிரியரானார். வானொலி வானியலுக்காக 1974இல் நோபல் பரிசு பெற்ற மார்ட்டின் ரைல் இவருடைய மகன்.

ரைலுக்கு முன்பே, 1914இல், அமெரிக்காவில் மார்ட்டின் ரேஃபஸ் இதே நோக்கத்துக்கு உலோக நுனி கொண்ட குழாயைப் பயன்படுத்தினார். ரைல் எழுதிய அதே 1921இல் நியூ ஆர்லியன்ஸில் ஆப்ரகாம் லெவின் மூக்கு வழியாகச் செலுத்தும் குழாயை வெளியிட்டார். அமெரிக்க நூல்களில் லெவின் பெயரும் நம் வார்டுகளில் ரைல் பெயரும் நிலைத்திருப்பதற்குக் காரணம், நமக்கு மருத்துவக் கல்வி பிரிட்டனிலிருந்து வந்தது என்பதுதான் என்று நினைக்கிறேன். ஒரு கருவியின் மேல் யார் பெயர் நிற்கிறது, யார் பெயர் நிற்காமல் போகிறது என்பதை மாணவிகளுக்குச் சொல்ல வேண்டும் என்பதே என் ஆசை. மற்றக் கருவிகளைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மயக்கவியல் மருத்துவர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நல்ல முயற்சி. எங்கள் துறையிலிருந்து இரண்டு பெயர்களைத் தருகிறேன்.

முதலாவது பாய்ல்ஸ் எனப்படும் மயக்க மருந்து இயந்திரம். கணினித் திரையோடு கூடிய ஒர்க் ஸ்டேஷன் வந்த பிறகும் மூத்த தியேட்டர் ஊழியர்கள் அதைப் பாய்ல்ஸ் என்றே அழைக்கிறார்கள். ஹென்றி எட்மண்ட் காஸ்கின் பாய்ல் பார்படோஸ் தீவில் பிறந்து, லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்தவர். 1917இல் அவர் அமைத்த இயந்திரம், ஆக்ஸிஜனையும் நைட்ரஸ் ஆக்ஸைடையும் உருளைகளிலிருந்து அளந்து கலந்து, ஈதர் நிரம்பிய பாட்டிலின் வழியே செலுத்தியது. பிறகு வந்த பாய்ல் பாட்டிலை நான் பயிற்சிக் காலத்தில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வாயு பாட்டிலுக்குள் செல்லும் குழாயின் வாயை மூடியபடி ஒரு உலோக மூடி இருக்கும். அதன் தண்டை மேலே இழுத்து வைத்தால் வாயு திரவத்தின் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு மட்டும் போகும். தண்டைக் கீழே அழுத்த அழுத்த வாயு ஈதரை நெருங்கி, கடைசியில் அதற்குள்ளேயே புகுந்து குமிழியிட்டு வெளிவரும். மயக்கத்தின் ஆழம் கூடும். குமிழியைக் கண்ணால் பார்த்தே மருந்தின் அளவை மதிப்பிட்ட காலம் அது.

ஆனால் இந்த இயந்திரத்துக்கு முன்னோடிகள் உண்டு. பாய்ல் முதலில் பயன்படுத்தியது அமெரிக்கரான ஜேம்ஸ் குவாத்மியின் இயந்திரம். முதல் உலகப் போரின்போது பிரான்ஸில் காயமுற்ற வீரர்களுக்கு மயக்க மருந்து கொடுத்த ஜெஃப்ரி மார்ஷலும் இதே வகைக் கருவியைப் பயன்படுத்தினார். மார்ஷலின் பெயரை எங்கள் துறையிலேயே மிகச் சிலர்தான் அறிவார்கள். பாய்லின் பெயர் நிலைத்ததற்கு, லண்டனில் அவருக்கு இருந்த இடமும், கருவியைத் தயாரித்து விற்றவர்கள் அவர் பெயரையே வைத்ததும் காரணம் என்பது என் கணிப்பு.

இரண்டாவது மெக்கின்டாஷ். நியூஸிலாந்தில் பிறந்த ராபர்ட் மெக்கின்டாஷ் 1937இல் ஆக்ஸ்ஃபோர்டில் மயக்கவியல் பேராசிரியரானார். அந்தப் பதவி உருவாக வேண்டும் என்று, நன்கொடை கொடுத்த நஃபீல்டு பிரபு பிடிவாதமாக நின்றதால்தான் பல்கலைக்கழகம் இணங்கியது. ஒரு டான்சில் அறுவையில் வாயைத் திறந்து பிடிக்கும் கருவியை வைத்தபோது, அதன் தகடு நாக்கின் அடியில் பொருந்திய விதத்தில் குரல் நாண்கள் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிந்தன. அதைப் பார்த்தவுடன் அவர் தம் தொழில்நுட்ப உதவியாளர் ரிச்சர்ட் சால்ட்டிடம் சொல்லி, அதே போன்ற வளைந்த தகட்டை, குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் கைப்பிடியோடு இணைக்கச் செய்தார். 1943இல் அதைப் பற்றி எழுதினார். அதற்கு முந்தைய நேர்த்தகடுகள் குரல்வளை மூடியையே நேரடியாகத் தூக்கின. மெக்கின்டாஷின் வளைந்த தகடோ அந்த மூடிக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் நுனியை வைத்து அதை மறைமுகமாக எழச் செய்கிறது. உலகெங்கும் ஒவ்வொரு நாளும் பயன்படும் இந்தத் தகட்டைக் கையால் செய்த சால்ட்டின் பெயரை எந்தப் பெட்டியிலும் காண முடியாது. உங்கள் மாணவிகளிடம் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொது மருத்துவ முதுநிலை மாணவர் எழுதியது:

மூத்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மனிதர் பெயரை வைத்து நோயையும் சிகிச்சையையும் அழைக்கும் வழக்கம் மெல்ல மெல்லக் கைவிடப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காரணம் குழப்பம். விப்பிள் அறுவை சிகிச்சை என்றால் கணையத்தின் தலைப்பகுதியை அகற்றுவது. அது 1935இல் ஆலன் விப்பிள் வெளியிட்டது. விப்பிள் நோய் என்றால் குடலைப் பாதிக்கும் பாக்டீரியா நோய். அதை 1907இல் விவரித்தவர் ஜார்ஜ் ஹாயிட் விப்பிள் என்ற வேறொருவர், 1934இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இருவருக்கும் தொடர்பே இல்லை. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் உறுப்பும் தெரியவில்லை, காரணமும் தெரியவில்லை.

இன்னொரு காரணம் அறம். ஃபிரீட்ரிக் வெகனர் 1930களில் ஒரு இரத்தக்குழாய் அழற்சி நோயை விவரித்தார். அவருக்கு முன்பே ஹைன்ஸ் கிளிங்கர் என்ற மாணவர் அதைக் குறிப்பிட்டிருந்தார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வெகனர் நாஜிக் கட்சியின் உறுப்பினர். போர்க்காலத்தில் யூதர்களை அடைத்துவைத்த குடியிருப்பு இருந்த வூட்ஜ் நகரில் பணியாற்றியவர். இவையெல்லாம் வெளிவந்த பிறகு, அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரி அவருக்கு வழங்கிய விருதைத் திரும்பப் பெற்றது. 2011இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதவியல் அமைப்புகளும் அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கமும் சேர்ந்து அந்த நோய்க்கு, மனிதர் பெயருக்குப் பதிலாக நோயின் தன்மையைச் சொல்லும் விளக்கப் பெயர் ஒன்றைக் கொடுத்தன. ஹான்ஸ் ரைட்டரின் நிலை இன்னும் மோசம். புக்கன்வால்ட் வதைமுகாமில் கைதிகள்மீது நடந்த டைஃபஸ் சோதனைகளோடு தொடர்புடையவர். அவர் பெயரால் அழைக்கப்பட்ட மூட்டு நோய்க்கு இன்று வேறு பெயர் வந்துவிட்டது. இத்தகையவர்களின் பெயரை நோயாளியின் கேஸ் ஷீட்டில் நாம் ஏன் எழுத வேண்டும்?

சிறுநீரக அறுவை மருத்துவர் எழுதியது:

ஆசிரியை கேட்டது கருவிகளைப் பற்றி. எனவே ஃபோலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஃபிரெடெரிக் ஃபோலி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரில் பணியாற்றிய சிறுநீரக அறுவை மருத்துவர். புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு இரத்தக் கசிவை நிறுத்துவதுதான் அவருடைய முதன்மையான நோக்கம். குழாயின் நுனிக்கருகே பலூனை வைத்து, உள்ளே சென்றதும் அதை நீரால் நிரப்பி, மெதுவாக இழுத்து வைத்தால் அந்தப் பலூனே அறுவை செய்த இடத்தை அழுத்திக் கசிவை அடக்கும். சிறுநீர் வடிவதற்கும் அதே குழாய் போதும். வெளியே நழுவவும் நழுவாது. இன்று நாம் பெரும்பாலும் பயன்படுத்துவது அந்த நழுவாத தன்மைக்காகத்தான்.

1936இல் ஃபோலி காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, டாவல் ரப்பர் கம்பெனியின் பால் ரைஷ் சில மாதங்களுக்கு முன்பே அதே போன்ற கத்தீட்டருக்கு விண்ணப்பித்திருந்தார். வழக்கு நடந்தது. ஒரு கட்டத்தில் ஃபோலிக்குச் சாதகமாகவும், மேல்முறையீட்டில் ரைஷுக்குச் சாதகமாகவும் தீர்ப்பு வந்தது. ஆக, காப்புரிமை ஃபோலிக்குக் கிடைக்கவே இல்லை. ஆனால் பார்டு என்ற நிறுவனம் அந்தக் கத்தீட்டரை ஃபோலியின் பெயரிலேயே விற்றது. உரிமை ஒருவருக்கும் பெயர் இன்னொருவருக்குமாகப் போன இந்தக் கதையை நான் பயிற்சி மருத்துவர்களுக்குத் தவறாமல் சொல்வேன்.

மாணவிகளுக்கு ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். பலூனை நிரப்புவதற்கு முன், சிறுநீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் குழாயை இன்னும் சற்று உள்ளே செலுத்த வேண்டும். சிறுநீர்த்தாரைக்குள்ளேயே பலூனை விரித்துவிட்டால் ஏற்படும் கிழிசலை நாங்கள் இன்றும் பார்க்கிறோம். பலூன் எதற்காக வந்தது என்று தெரிந்த மாணவி அது எங்கே இருக்க வேண்டும் என்பதை மறக்க மாட்டாள் என்பது என் நம்பிக்கை.

மகப்பேறு மருத்துவர் எழுதியது:

முதுநிலை மாணவர் எழுப்பிய அறக்கேள்வியை நாம் கடந்துபோய்விடக் கூடாது. ஏனெனில் அந்தக் கேள்வி எங்கள் துறையில் ஜெர்மானிய நோய்ப்பெயர் ஒன்றோடு முடிவதில்லை. ஒவ்வொரு மகளிர் புறநோயாளர் பிரிவிலும் நாங்கள் ஒரு நாளில் பலமுறை கையில் எடுக்கும் கருவியில் அது இருக்கிறது.

பிறப்புறுப்பை விரித்து உள்ளே பார்க்க உதவும் சிம்ஸ் ஸ்பெகுலம். ஜேம்ஸ் மேரியன் சிம்ஸ் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாண்ட்காமரி நகரில் மருத்துவம் பார்த்தவர். பிரசவம் நாட்கணக்கில் தடைபட்டால், குழந்தையின் தலை அழுத்தி அழுத்தித் தாயின் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலுள்ள சுவர் செத்து, அங்கே ஓட்டை விழுந்துவிடும். அதன்பிறகு அந்தப் பெண்ணுக்கு இரவும் பகலும் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும், தோல் புண்ணாகும், வீட்டாரே ஒதுக்கிவைப்பார்கள். அதற்கு அன்று சிகிச்சை இல்லை. சிம்ஸ் 1845 முதல் 1849 வரை அந்த ஓட்டையைத் தைத்து மூடும் முறையைத் தேடினார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தையல் போட முடியாது என்பதால், ஒரு கரண்டியின் காம்பை வளைத்துப் பின்சுவரை விலக்கிப் பார்த்தார். இரண்டு முனையிலும் வாத்தின் அலகு போல வளைந்த இன்றைய ஸ்பெகுலம் அதன் வழி வந்தது. கடைசியில் வெள்ளிக் கம்பியால் தைத்தபோது தையல் பிடித்தது.

அவர் யார்மீது இதைச் சோதித்தார்? அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள்மீது. அனார்க்கா, பெட்ஸி, லூசி என்ற மூன்று பெயர்கள் சிம்ஸின் தன்வரலாற்றின் வழியாகவே நமக்குத் தெரியும். மற்றவர்களின் பெயர்கள் தெரியாது. அனார்க்காவுக்கு ஏறத்தாழ முப்பது முறை அறுவை நடந்த பிறகுதான் அந்த ஓட்டை மூடியது. மயக்க மருந்து கொடுக்கப்படவில்லை. லூசியின் சிறுநீர்ப்பையில் வடிகாலாக வைத்த பஞ்சினால் தொற்று ஏற்பட்டு அவர் சாவின் விளிம்புவரை போனார். உதவிக்கு மற்ற மருத்துவர்கள் வருவதை நிறுத்திவிட்டபோது, அறுவைக்கு ஆட்பட்ட அந்தப் பெண்களே ஒருவருக்கொருவர் அறுவையில் துணை நின்றார்கள். சட்டப்படி உடைமையாகக் கருதப்பட்ட பெண் சம்மதித்தார் என்று சொல்வதில் பொருள் இல்லை. மறுக்க முடியாதவர் கொடுக்கும் சம்மதத்துக்கு மதிப்பு கிடையாது.

சிம்ஸுக்காக வாதாடுவோர், ஈதர் மயக்கம் 1846இல்தான் பாஸ்டனில் பொதுவெளியில் காட்டப்பட்டது என்றும், அந்தப் பெண்களின் துன்பம் உண்மையானது, அவர்களும் குணமாக விரும்பியிருப்பார்கள் என்றும் சொல்வார்கள். அவர் கண்டறிந்த முறையால் பின்னர் எத்தனையோ பெண்கள் பிழைத்தது உண்மை. அந்த உண்மை முதல் உண்மையை அழித்துவிடாது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் ஓரத்தில் நின்ற சிம்ஸ் சிலை 2018 ஏப்ரலில் அகற்றப்பட்டது. 2021இல் மாண்ட்காமரியில் அனார்க்கா, பெட்ஸி, லூசி மூவருக்கும் சிலைகள் எழுந்தன.

செவிலியர் ஆசிரியை எழுதியது:

டாக்டர், இதைப் படித்த பிறகு வேறு எதையும் செய்ய மனம் ஓடவில்லை. சிம்ஸ் ஸ்பெகுலத்தை எவ்வளவு முறை எண்ணிக் கட்டி ஆட்டோகிளேவுக்கு அனுப்பியிருப்பேன். ஒரு கேள்வி. பதினெட்டு வயதுப் பெண்கள் அந்தக் கருவியை முதன்முதலாகக் கையில் பிடிக்கும் நேரத்தில் இதைச் சொல்வது சரியா? அல்லது பெயரையே விட்டுவிட்டு வாத்தலகு ஸ்பெகுலம் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கலாமா?

மகப்பேறு மருத்துவர் எழுதியது:

பெயரை விட்டுவிட்டால் தியேட்டரில் சிம்ஸ் கொடுங்கள் என்று கேட்கும்போது அவர்கள் விழிப்பார்கள். அது நோயாளிக்கு நல்லதன்று. எனவே பெயரைச் சொல்லுங்கள். அனார்க்காவின் பெயரையும் உடன் சொல்லுங்கள். அந்த வகுப்பிலேயே, உள்பரிசோதனைக்கு முன் நோயாளியிடம் என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கி அனுமதி கேட்பதையும், திரை போடுவதையும், கருவியின் குளிர்ச்சியைப் போக்கிக்கொள்வதையும், நிறுத்துங்கள் என்று அவர் சொன்னால் உடனே நிறுத்துவதையும் கற்பியுங்கள். பதினெட்டு வயதில் அவர்களால் இதைத் தாங்க முடியும். அனார்க்காவுக்கும் ஏறத்தாழ அதே வயதுதான் இருந்தது.

மருத்துவக் கருவிப் பொறியாளர் எழுதியது:

மயக்கவியல் மருத்துவர் ரிச்சர்ட் சால்ட்டைப் பற்றி எழுதியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. பட்டறையில் வேலை செய்பவர்களின் பெயரும் சில வேளை நிலைத்திருக்கிறது என்பதற்கு எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

மூளையில் நீர் தேங்கும் குழந்தைகளுக்கு அந்த நீரை வடிக்க வைக்கும் ஷண்ட் குழாயின் வால்வுகளில் நெடுங்காலம் புகழ்பெற்றிருந்தது ஸ்பிட்ஸ்-ஹோல்டர் வால்வு. யூஜின் ஸ்பிட்ஸ் ஃபிலடெல்ஃபியாவில் நரம்பியல் அறுவை மருத்துவர். ஜான் ஹோல்டர் மருத்துவர் அல்லர். பூட்டுத் தயாரிக்கும் தொழிற்சாலையில் கருவி செய்பவர். 1955இல் அவருக்குப் பிறந்த மகன் கேஸிக்குத் தண்டுவடக் குறையும் மூளைநீர்த் தேக்கமும் இருந்தன. அன்று வைக்கப்பட்ட குழாய்கள் அடைத்துக்கொள்ளும், அல்லது இரத்தம் எதிர்த்து ஏறும். நீர் ஒரு பக்கமாக மட்டும் போகவேண்டும், குறித்த அழுத்தம் வந்தால் மட்டுமே திறக்கவேண்டும் என்பதுதான் சிக்கல் என்று மருத்துவர்கள் சொன்னதைக் கேட்ட அந்தத் தகப்பன், தம் வீட்டுப் பட்டறையில் அமர்ந்து சிலிகோனால் பிளவு வால்வு ஒன்றைச் செய்தார். 1956இல் அது முதலில் வேறொரு குழந்தைக்குப் பொருத்தப்பட்டது. கேஸி சில ஆண்டுகளே வாழ்ந்தான். ஆனால் அவன் தகப்பன் செய்த வால்வு, எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காத்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் எழுத்தாளர் ரோல்டு டாலின் கைக்குழந்தை தியோ நியூயார்க்கில் கார் மோதித் தலையில் அடிபட்டு, அவனுக்குப் பொருத்திய ஷண்ட் திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டது. டால், நீரியக்கப் பொறியாளர் ஸ்டான்லி வேடையும், லண்டன் நரம்பியல் அறுவை மருத்துவர் கென்னத் டில்லையும் இணைத்து வேட்-டால்-டில் வால்வை உருவாக்கினார். அது தயாரானபோது தியோவுக்குத் தேவைப்படவில்லை. பிற நாட்டுக் குழந்தைகளுக்குப் பயன்பட்டது. மூவரும் அதிலிருந்து இலாபம் எடுத்துக்கொள்ளவில்லை.

இருபத்து நான்கு மணி நேரம் இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் மானிட்டரை ஜான் ஹோல்டரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டரின் கண்டுபிடிப்பு. இவரும் மருத்துவர் அல்லர். அவருடைய முதல் கருவி முதுகில் சுமக்கும் மூட்டையாக ஏறத்தாழ 38 கிலோ எடையிருந்தது. இன்று அது சட்டைப்பையில் அடங்குகிறது.

நம் நாட்டிலும் உண்டு. சாப்ரா என்ற நரம்பியல் அறுவை மருத்துவரின் பெயரைக் கொண்ட இந்திய ஷண்டை உகாண்டாவில் விலையுயர்ந்த அமெரிக்க வால்வோடு ஒப்பிட்டு 2005இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. இந்திய ஷண்டின் விலை 35 டாலர், மற்றது 650 டாலர்; ஓராண்டு முடிவில் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதற்கு நேர்மாறாக, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவர் வலியத்தானின் தலைமையில் பல ஆண்டு உழைத்து உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்திய இதய வால்வு, டி.டி.கே. சித்ரா என்று தயாரிப்பாளர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும்தான் தாங்கியிருக்கிறது. அங்கே பொறியாளர்களும் மருத்துவர்களும் சேர்ந்து, முந்தைய மாதிரிகள் தோற்றபோதெல்லாம் மூலப்பொருளை மாற்றி மாற்றிச் செய்தார்கள். தனி ஒருவரின் பெயரை விட, அந்தக் கூட்டு உழைப்புக்கு நிறுவனத்தின் பெயரே பொருத்தம் என்று தோன்றுகிறது.

பொது மருத்துவ முதுநிலை மாணவர் எழுதியது:

மகப்பேறு மருத்துவரின் பதிவை இருமுறை படித்தேன். என் நிலைப்பாட்டைச் சற்றுத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நோய்களுக்கு விளக்கப் பெயர் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. அங்கே பெயர் சிகிச்சையின் திசையையே காட்ட வேண்டும். கருவிகளில் அந்த நெருக்கடி குறைவு. மெக்கின்டாஷ் என்று கேட்டால் கையில் வருவது எது என்பதில் ஐயமில்லை. அங்கே பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், வரலாறும் உடன் வரட்டும்.

நாம் பேசும் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர், அமெரிக்கர் பெயர்களாகவே இருக்கின்றன. சென்னையில் செய்யப்பட்ட வேலைக்காக நிலைத்த பெயர் ஏதேனும் உண்டா?

ஓய்வுபெற்ற நோயியல் பேராசிரியர் எழுதியது:

உண்டு, தம்பி. அதுவும் நீங்கள் எம்.பி.பி.எஸ். தேர்வில் படம் வரைந்து பெயர் எழுதிய ஒன்று: லீஷ்மன்-டோனவன் உடலங்கள்.

சார்லஸ் டோனவன் 1863இல் கல்கத்தாவில் பிறந்த அயர்லாந்துக்காரர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, மதராஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகவும் அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவராகவும் இருந்தார். அக்காலத்தில் காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமுமாக வருபவர்களுக்கெல்லாம் மலேரியா என்றே பெயர் எழுதுவார்கள். குயினைன் கொடுத்தும் குணமாகாமல் பலர் இறந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு இருந்தது காலா அசார் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோய்.

வில்லியம் லீஷ்மன் இங்கிலாந்தில் நெட்லி இராணுவ மருத்துவமனையில், கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் பணியாற்றி நோயுற்றுத் திரும்பிய ஒரு சிப்பாயின் சடலத்தைப் பரிசோதித்து, மண்ணீரலில் சிறிய முட்டை வடிவ உடலங்களைக் கண்டார். 1903 மே மாதம் அதைப் பற்றி எழுதினார். அவை இறந்து சிதைந்த டிரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணிகள் என்பது அவர் எண்ணம். அதே ஆண்டு ஜூலையில் டோனவன், மதராஸ் நோயாளிகளிடம் அதே உடலங்களைக் கண்டதை எழுதினார். சடலத்தில் மட்டுமன்றி, உயிரோடு இருந்த நோயாளியின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த துளியிலும் அவர் அவற்றைப் பார்த்தார். இது மிகப் பெரிய வேறுபாடு. உயிரோடு இருப்பவரிடமும் அதே வடிவில் இருந்தால், அவை இறந்தபின் சிதைந்தவையாக இருக்க முடியாது. டோனவன் அனுப்பிய ஸ்லைடுகளைப் பாரிஸில் லவரானும் லிவர்பூலில் ரொனால்டு ராஸும் ஆராய்ந்தார்கள். இது புதிய ஒட்டுண்ணி என்று ராஸ் முடிவு செய்து, இருவருக்கும் பங்கு கிடைக்கும்படி லீஷ்மானியா டோனவானி என்று பெயரிட்டார்.

மண்ணீரல் துளியை ஸ்லைடில் தேய்த்து, லீஷ்மன் சாயமிட்டு, எண்ணெய் லென்ஸின் கீழே பார்த்தால், பெரிய செல் ஒன்றுக்குள் கூட்டமாக அந்த உடலங்கள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் உருண்டையான கரு ஒன்றும், அதற்கருகே சிறு கோல் போன்ற புள்ளி ஒன்றும் செந்நிறத்தில் தெரியும். அந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால்தான் லீஷ்மானியா என்று உறுதி செய்வோம். நம் ஊர் லேப்களில் இரத்த ஸ்மியருக்கு அன்றாடம் ஊற்றும் சாயமும் அதே லீஷ்மனுடையதுதான். டோனவனின் பெயர் இன்னொரு நோயிலும் உள்ளது. 1905இல் அதே மருத்துவமனையில் ஒரு நோயாளியின் புண்ணில் அவர் கண்டவற்றை ஒட்டியே, பால்வினைப் புண் நோய் ஒன்று டோனவனோசிஸ் என்று பின்னாளில் அழைக்கப்பட்டது. அவர் அதை ஒட்டுண்ணி என்று கருதினார். உண்மையில் அது பாக்டீரியா. பிற்காலத்தில் இராயப்பேட்டை மருத்துவமனைக்கும் பொறுப்பேற்று, 1919இல் ஓய்வு பெற்றார்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. விளக்கப் பெயர் நல்லதே. ஆனால் காலா அசாருக்கு 1903க்கு முன்பு இருந்த விளக்கப் பெயர்களை எல்லாம் எடுத்துப் பார்த்தால், அந்தந்தக் காலத்தின் பிழையான காரணமும் அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். காரணம் உறுதியான பிறகு வரும் விளக்கப் பெயரே பயன் தரும்.

செவிலியர் ஆசிரியை எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. எல்லோருடைய பதிவுகளையும் வகுப்புக்காகத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். ஆய்வகக் கல்விப் பயணத்துக்கு மாணவிகளை அழைத்துச் செல்லும்போது லீஷ்மன் சாயம் ஊற்றும் இடத்திலேயே டோனவனைப் பற்றிச் சொல்வேன். பிறந்த குழந்தையின் நிலையை ஐந்து கூறுகளால் மதிப்பிடும் அப்கர் மதிப்பெண் போடும் பாடத்தையும் இதில் சேர்க்கப்போகிறேன். வர்ஜீனியா அப்கர் நியூயார்க்கில் அறுவை மருத்துவப் பயிற்சி முடித்தவர். பெண் என்பதால் அத்துறையில் பிழைப்பது கடினம் என்று சொல்லி அவரை மயக்கவியலுக்குத் திருப்பிவிட்டவர், தம்பி மேலே குறிப்பிட்ட அதே ஆலன் விப்பிள்தான். மயக்க மருந்து தாய்க்குப் போனால் குழந்தைக்கு என்ன ஆகிறது என்று கவனிக்கும் இடத்தில் அவர் நின்றதால்தான், 1953இல் வெளியான அந்த ஐந்து கூறுகள் பிறந்தன. பிறந்தவுடன் நீலம் பாய்ந்து கிடக்கும் குழந்தையைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிடாமல், ஒரு நிமிடத்திலேயே யாராவது ஒருவர் அதைக் குனிந்து பார்த்து எண்ண வேண்டும் என்ற கட்டாயத்தை அவர் கொண்டுவந்தார். அந்த வேலையைப் பிரசவ அறையில் பெரும்பாலும் செய்வது செவிலியர்தான்.

பொது மருத்துவ முதுநிலை மாணவர் எழுதியது:

பேராசிரியர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். டோனவனைப் படித்தபோது நினைவுக்கு வந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். அவரும் மதராஸ் மருத்துவக் கல்லூரி மாணவர்தான். கதர் உடுத்தி அறுவைக்கு வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் மனக்கசப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். மட்டும் பெற்று வெளியேறினார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு 1925இல் அவர் வெளியிட்ட, பாஸ்பரஸ் அளக்கும் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறையை முதலாண்டு உயிர்வேதியியலில் நாங்கள் சோதனைக் குழாயில் நீல நிறம் வரும்வரை செய்து பார்த்தோம். ஆனால் அவர் பிற்காலத்தில் லெடர்லி ஆய்வகத்தில் முன்னின்று நடத்திய ஆராய்ச்சியிலிருந்து வந்த ஃபோலிக் அமிலத்திலும், யானைக்கால் நோய்க்கு நம் மாவட்டங்களில் வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையிலும் அவர் பெயர் இல்லை. ஆசிரியை தொகுக்கும் பட்டியலில், மருந்து கொடுக்கும் பாடம் வரும் இடத்தில் இவரையும் சேர்க்க வேண்டுகிறேன்.